பையை யார் பார்த்துக்கொள்வது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனுக்கு ஒரு நாள் போகவில்லை என்றால் அன்றைய கூலி கிடையாது. அதனால் இந்த ஊரில் ஒரு குடும்பம் தீம் பார்க் போய்வரக் கணக்குப் போடும்போது முதல் வரியில் டிக்கெட் விலை வராது. யார் யாருக்கு எத்தனை நாள் கூலி போகும் என்பதுதான் முதலில் வரும். என் அக்கா அப்படித்தான் எழுதினாள். பிள்ளைகள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து எந்த ராட்டினம், எந்தச் சறுக்கு என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. எட்டு மில்லிமீட்டர் காய் தனி, ஏழு தனி, வெடித்தது தனி என்று ஆண்டுக்கணக்காகப் பிரித்துப் பழகிய கை. செலவையும் அதே நிதானத்தோடு பிரித்து எழுதியது.

போடியிலிருந்து போகும் பயணங்களைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னதும், 'எழுதுறதுக்கு முன்னாடி எங்களோட வந்து பாரு' என்றாள். இது அப்படிப் போய்ப் பார்த்து எழுதியது.

முதலில் நாள் குறிக்க வேண்டும். மலையில் காய் எடுப்பு ஆடி வாக்கில் தொடங்கி தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். அந்த மாதங்களில் போடியில் யாரையும் பிடிக்க முடியாது. தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்த காய் மூட்டை மூட்டையாக மலை இறங்கும், குடோன்கள் நிறையும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் மாறி மாறி நடக்கும். சித்திரையில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனால் சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிடும். தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்ட வீட்டில் அந்த வாரம் வேறு எந்தப் பேச்சும் எடுபடாது. கேரளத்துப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே முழுக்க விடுமுறை. விஷுவை ஒட்டி அங்கே கூட்டம் அலைமோதும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது, நம் பிள்ளைகளின் தேர்வு முடிந்த பிறகு, வீரபாண்டிக் கம்பம் நடும் பரபரப்பு உச்சத்துக்குப் போவதற்கு முன், சனி ஞாயிறு அல்லாத சில நாட்கள் மட்டுமே. வார இறுதியில் டிக்கெட் விலையும் கூடுதல், வரிசையும் நீளம்.

எங்கே போவது என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. பெரியவனுக்குச் சென்னை. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. போடிக்கு அகலப்பாதை ரயில் வந்து, 2023 ஜூன் 15 முதல் சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயிலும் ஓடுவதால் அது நடக்காத காரியமும் இல்லை. பெங்களூருக்கு அருகே பிடதியில் 2005 முதல் இருக்கும் வொண்டர்லா பூங்காவில் தங்குவதற்கு ரிசார்ட்டும் உண்டு. ஆனால் அறை வாடகையைக் கேட்டதும் அக்காவின் கணவரான மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மதுரை பரவைப் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவுக்குக் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே போய்வந்தவர்கள்.

கொச்சி வொண்டர்லா என்று முடிவானதற்குக் காரணம் அக்காவின் மாமியார். நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைகளுக்கு அப்பத்தா. முப்பது வருஷத்துக்கு மேல் விடியற்காலை ஜீப்பில் ஏறிப் பூப்பாறைப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். "கொச்சிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, மூணாறு வழியாக என்றேன். "பூப்பாறைக்கு அங்கிட்டு நான் போனதே இல்ல தாயி" என்றார். அதோடு சென்னைப் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எந்தத் தீம் பார்க்குக்கும் போய், அலைக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிழல் பெஞ்சுகளைப் பாருங்கள். சேலை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் இரண்டு பை, காலடியில் எட்டு ஜோடி செருப்பு, கையில் நாலு செல்போன். பிள்ளைகளும் ஆண்களும் நனைந்து வந்து துண்டு கேட்பார்கள், காசு கேட்பார்கள், மறுபடி ஓடிவிடுவார்கள். அந்தப் பெண்களும் முழு டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர்கள்தான். பருத்திச் சேலையோடும் சுடிதாரோடும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்பதை வாசலுக்கு வந்தபிறகுதான் அவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். வீட்டிலேயே இது யோசிக்கப்படவில்லை என்றால் அந்த நாள் அவர்களுக்குப் பெஞ்சில்தான் கழியும். குடும்பப் பயணத் திட்டத்தில் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: பையை யார் பார்த்துக்கொள்வது? அதற்கு அம்மா, அப்பத்தா என்று யோசிக்காமல் பதில் வருகிற வீட்டில், திட்டம் போட்டதாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பருத்தியை ஏன் தடுக்கிறார்கள் என்று அத்தைக்கு விளக்க வேண்டியிருந்தது. பருத்தி நூல் தண்ணீரில் பிசிறு விடும். அது சுத்திகரிக்கும் வடிகட்டியில் போய் அடைக்கும். நனைந்த சேலை கனத்துக் காலைச் சுற்றும். சறுக்கின் இணைப்பில் முந்தானையோ துப்பட்டாவோ மாட்டினால் ஆபத்து. அதனால் நைலான், பாலியஸ்டர், லைக்ரா மாதிரித் துணிகள் மட்டும். அங்கேயே விலைக்கு வாங்கலாம் என்றாலும் நம் பெண்களின் உடம்புக்கும் கூச்சத்துக்கும் ஏற்றது கிடைக்குமா என்ற கவலை வேண்டாம் என்று, போடியிலேயே பாலியஸ்டர் துணி எடுத்து, முழங்காலுக்குக் கீழ் இறங்கும் முழுக்கை மேலுடையும் கணுக்கால்வரை பேண்டும் தைக்கக் கொடுத்தோம். அக்காவுக்கு, மாமாவின் தங்கையான மதினிக்கு, எனக்கு, அத்தைக்கு.

அத்தை போட மாட்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தைத்து வந்ததை எடுத்து விரித்துப் பார்த்தார். கையை நீட்டி அளவு வைத்தார். "ஏன், தோட்டத்துல சேலைக்கு மேல ஆம்பளச் சட்டைய மாட்டிக்கிட்டுத்தான காய் எடுத்தோம். அப்ப எவன் என்ன சொன்னான்?" என்றார். மலைக்கு மேலே ஏலச்செடிக்கு நடுவில் குனிந்து வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு. கூலிக்கு மாட்டிய சட்டையை இப்போது குளிக்க மாட்டுகிறோம், அவ்வளவுதான் என்று அத்தை முடித்துவிட்டார். மதினிதான் கடைசிவரை தயங்கினார். மாமியார் வீட்டில் போட்டோவைப் பார்த்துவிடுவார்களோ என்று. தண்ணீருக்குள் யாரும் போட்டோ எடுப்பதில்லை என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினோம்.

அடுத்தது உயரம். இந்தப் பூங்காவில் சிறுவர் டிக்கெட்டை வயசு தீர்மானிப்பதில்லை, உயரம்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இலவசம், 140 வரை சிறுவர் டிக்கெட், அதற்கு மேல் முழு டிக்கெட். பெரிய சுற்றுகளில் பலவற்றுக்கும் 140 வேண்டும். அக்கா வீட்டு நிலைப்படியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு ஒவ்வொருவராக நிறுத்தினேன். பெரியவன் தாண்டினான். கடைக்குட்டி நடுவில் எங்கேயோ. பத்து வயசு நடுவளுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது. குதிகாலை உயர்த்தினாள், கொண்டையை மேலே தூக்கிக் கட்டினாள், பிறகு அழுதாள். வீட்டில் அழுதது நல்லதாகப் போயிற்று. இரண்டு நாளில் தேறி, எந்தெந்தச் சுற்றில் தன்னால் ஏற முடியும் என்று அவளே பட்டியல் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாயிலில் அளவுகோலுக்குப் பக்கத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் அந்த நாளே பாழ். அந்த வரம்பை ஏமாற்றவும் கூடாது. தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி ஓர் உடம்பளவுக்குச் செய்யப்பட்டது. சின்ன உடம்பு அதற்குள் நிற்காது.

வேன் விடியலில் புறப்பட்டது. போடியிலிருந்து பூங்காவுக்கு மூணாறு வழியாக 180 கிலோமீட்டர் அளவில் வரும். சமவெளிக் கணக்கில் நாலு மணி நேரம் என்று போட்டுவிடக் கூடாது. மலைப்பாதை, சாப்பாடு, வாந்திக்கு நிறுத்துவது எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. அன்றே போய் அன்றே பூங்காவுக்குள் நுழைகிற திட்டத்தைக் கையில் எடுக்கவே கூடாது. முதல் நாள் மலை, இரவு கோதமங்கலத்தில் தங்கல், மறுநாள் காலை பூங்கா என்றுதான் வைத்தோம்.

முந்தலைத் தாண்டும்போது குரங்கணிக்குப் பிரியும் பாதையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான் வெளி உலகத்துக்குப் போனது. குண்டலைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908-இல் அது குறும்பாதை ரயிலானது. டாப் ஸ்டேஷன்வரை ரயிலில் வரும் தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடி. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது. நான்கு வருஷம் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. "ரோப் கார்ல ஆள் போலாமா சித்தி?" என்றாள் நடுவள். பெட்டிகளுக்காகப் போட்டது என்றேன். அவளுக்குப் பெரிய ஏமாற்றம். பெரியவன் குரங்கணியில் மலையேற்றம் போகலாமா என்று கேட்டான். மாமா வண்டி ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து திரும்பி, கோடையில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த சரிவு அது. அந்த இரவு போடி அரசு மருத்துவமனை வாசலில் நின்றவர்களில் மாமாவும் ஒருவர். வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் அடிக்குச் சற்று மேலே இருக்கும் ஊரிலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் ஏறுகிறோம். காது அடைக்கும், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து எச்சில் விழுங்க வைத்தால் திறக்கும். வாந்தி வருவதற்குக் காரணம் வயிறு மட்டுமில்லை. உடம்பு திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. கண்ணோ வண்டிக்குள் அசையாத இருக்கையைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத குழப்பம் அது. அதனால் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, வாந்தி வரும் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ரோட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. நாங்கள் இட்லி மட்டும் கொடுத்து, அதுவும் அரை வயிற்றுக்குக் கொடுத்து ஏற்றினோம். கடைக்குட்டி புலியூத்துப் பக்கம் ஒரு முறை எடுத்தான், அதோடு தெளிந்துவிட்டான்.

அத்தை ஜன்னலோரம். ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு செய்தி இருந்தது. "இங்கதான் ஜீப்ப நிப்பாட்டி தண்ணி ஊத்துவாய்ங்க." "இந்தத் திருப்பத்துல மழைக்காலத்துல கல்லு உருளும், இறங்கி நின்னுருவோம்." ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டேன். "உக்காந்தது பாதி, தொங்குனது பாதி" என்றார். எங்களுக்கு எதிரே அன்றும் ஆள் ஏற்றி இறக்கிவிட்டு வரும் ஜீப்கள் வந்துகொண்டே இருந்தன. மலையேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது முறை. எங்கள் ஓட்டுநர் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, உள்பக்கம் ஒட்டாமல் அகல வாங்கித் திருப்பினார். இந்த மலையில் ஓட்டிப் பழகியவரைத்தான் அழைத்துப்போக வேண்டும். வாடகை நூறு இருநூறு கூடினாலும் இதில் பேரம் பேசாதீர்கள்.

போடிமெட்டில் ஸ்வெட்டர் வெளியே வந்தது. டீக்கடையில் பருப்பு வடையும் டீயும். தமிழ்நாட்டு வாடகை வண்டிக்கு கேரளத்துக்கான வரியையும் பெர்மிட்டையும் முதல் நாளே ஆன்லைனில் கட்டி, ரசீதை வண்டியில் வைத்திருக்க வேண்டும். எங்கள் அண்ணன் வைத்திருந்தார். இல்லாத வண்டி ஒன்று ஓரமாக நின்றது, உள்ளே இருந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

அங்கிருந்து மூணாறுவரை 42 கிலோமீட்டர். சாலை அகலமாகிவிட்டது, 2024 ஜனவரியில் திறப்பு விழா நடந்தது. இரண்டு பக்கமும் ஏலக்காடு. உயர்ந்த மரங்களின் நிழலுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகள். அடித்தூரிலிருந்து தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில்தான் பூவும் காயும். ஒரு தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி அத்தை இறங்கினார். பிள்ளைகளைக் குனியவைத்துச் சரத்தைக் காட்டினார். "காய் கறுத்து முத்தியிருக்கணும், பிஞ்சு மேல நகம் படக்கூடாது. பிஞ்சு ஒடிஞ்சா மேஸ்திரி கூலியப் புடிப்பான்." பெரியவன் முதல் தடவையாக, கால் மடக்கி எவ்வளவு நேரம் இப்படி உட்காருவீர்கள் என்று கேட்டான். அத்தை பதில் சொல்லவில்லை. அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்தார், எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பூங்காவில் அவரை எவ்வளவு தூரம் நடக்கவைக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

பூப்பாறை தாண்டியதும் அவர் பேச்சு நின்றது. ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பும் அதைச் சுற்றிய தேயிலைச் சரிவும் வந்தபோது, 'இது இங்ஙனயேவா இருந்துச்சு?' என்று மட்டும் கேட்டார். முப்பது வருஷமாக அவர் வேலை பார்த்த தோட்டத்திலிருந்து அது அரை மணி நேரப் பாதை. சாயங்காலம் ஜீப் போடிக்குத்தான் திரும்பும். மேலே போக வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை, யாரும் கூட்டிப்போகவும் இல்லை.

இந்தச் சின்னக்கானல் பகுதி யானைகளின் நடமாட்டம் உள்ள இடம். இங்கே சுற்றிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதமே அது கம்பம் ஊருக்குள் இறங்கி நம் தேனி மாவட்டத்தை உலுக்கியது பிள்ளைகளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே இந்தத் தடத்தைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். தேவிகுளம் கேப் ரோட்டில் மழைக்காலத்தில் மண்சரியும், பாதை மூடுவார்கள். கோடையில் அந்தப் பயம் குறைவு. மூணாற்றில் நாங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் நின்றோம். அடிமாலிக்குக் கீழே சீயப்பாறை அருவி கோடையில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. 1935-இல் கட்டிய நேரியமங்கலம் வளைவுப் பாலத்தைத் தாண்டினால் சமவெளி, புழுக்கம், ரப்பர்த் தோட்டங்கள்.

பெரும்பாவூரிலிருந்து போகும் வழியில் பள்ளிக்கரையில், ஒரு குன்றின் மேல் இருக்கிறது பூங்கா. வி-கார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் இதைத் திறந்தபோது பெயர் வீகாலேண்ட்; பிறகுதான் வொண்டர்லா ஆனது. முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டால் வாசல் வரிசை மிச்சமானது. பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகள் இருந்தால் ஹால் டிக்கெட்டை எடுத்துப்போங்கள். கோடையில் அதற்குச் சலுகை தருவது வழக்கம். வயதானவர்களுக்கும் குறைந்த கட்டணம் உண்டு, வயதைக் காட்டும் அடையாள அட்டை வேண்டும். வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. எலுமிச்சைச் சாதத்தை வண்டியிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு இறங்கினோம்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முதலில் கண்ணில் படும் பெரிய சுற்றுக்கு ஓடுகிறார்கள். நாங்கள் லாக்கருக்குப் போனோம். செல்போன், பணம், வண்டிச் சாவி, நகை எல்லாம் அதற்குள். அத்தையின் தோட்டைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை, விட்டுவிட்டோம். வெளியே மிஞ்சியது ஒரே ஒரு பை: துண்டுகள், மருந்து, தண்ணீர் பாட்டில். அந்தப் பைக்கு வீட்டிலேயே முறை வைத்திருந்தோம். முதல் முறை மாமாவுக்கு. அவர் கேட்டபோதே சரி என்றவர், இங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் சுற்றிப் பார்த்தார். அந்த வரிசையில் அவர் ஒருவர்தான் ஆண். பக்கத்தில் இருந்த, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, "வீட்டுல பொம்பளைங்க வரலையா தம்பி?" என்று அவரிடம் கேட்டிருக்கிறார். குளத்தைக் கைகாட்டியிருக்கிறார் மாமா. அந்தப் பாட்டி வெகு நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அலைக்குளத்தில் அலை எப்போதும் இருக்காது. கொஞ்ச நேரம் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒலி எழும்பும், அலை வரும். அத்தையை ஆழமில்லாத ஓரத்தில், கடற்கரை மாதிரிச் சரிந்து இறங்கும் தரையில் உட்காரவைத்தோம். ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் நான். முதல் அலை இடுப்புவரை ஏறி இறங்கியது. அக்காவின் மணிக்கட்டை அத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். காய்க் கறையில் வருஷக்கணக்காக ஊறிக் கறுத்துப்போன நகங்கள் அழுந்தியதில் அக்காவின் தோலில் அரை வட்டமாக நாலு தடம் பதிந்தது. மூன்றாவது அலைக்குப் பிடி தளர்ந்தது. ஐந்தாவது அலைக்குக் கையை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையையும் தண்ணீர்மேல் வைத்து அழுத்தினார். அலை கையைத் தூக்கியது. "ஏ, தூக்குதுடீ!" என்று அவர் கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. மதினி எங்களுக்கு முன்னால், கழுத்தளவுத் தண்ணீரில், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

மதியத்துக்கு முன் தண்ணீரா, தண்ணீர் இல்லாத சுற்றுகளா என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகளைக் காலையிலேயே நனையவிட்டால் பிறகு எங்கேயும் நகர்த்த முடியாது என்பார்கள். சிறு பிள்ளையும் வயதானவரும் இருக்கும் குடும்பம் காலையில்தான் தண்ணீருக்குப் போக வேண்டும் என்பேன் நான். கூட்டம் குறைவு, கால் வலிக்கத் தொடங்கியிருக்காது, உடுப்பை ஒரே முறை மாற்றினால் போதும். பெரியவனை அவன் இஷ்டத்துக்கு விட்டோம். தலைகீழாகச் சுழன்று போய் அதே பாதையில் பின்னோக்கித் திரும்பும் ரீகாயிலில் ஏறி இறங்கி, முகம் வெளுத்து வந்து நின்றான். மறுபடி ஏறப் போனான். நடுவள் தன் பட்டியலை வரிசையாக முடித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையும் கடைக்குட்டியும் நிழலில் ஒரு மணி நேரம் படுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் திட்டத்தில் எழுதியே வைத்திருந்தோம். அது இல்லாவிட்டால் மாலை நாலு மணிக்குப் பிள்ளை அழும், பெரியவருக்குக் கால் வீங்கும், குடும்பத்தில் சண்டை வரும்.

பெரிய ராட்டினத்தில் அத்தை ஏறினார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் வேகச் சுற்று எதற்கும் அவரை அனுப்பவில்லை. இதய நோய், முதுகு வலி, கர்ப்பம் இருப்பவர்களுக்கு அங்கங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அதை நின்று படிக்க வேண்டும். உச்சியில் ராட்டினம் நின்றபோது கிழக்கே கைநீட்டி, நம்ம மலை தெரியுமா என்று கேட்டார். புழுக்கத்தில் வானம் வெளிறிக் கிடந்தது, எதுவும் தெரியவில்லை.

அன்றிரவே ஊர் திரும்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு நாள் கூலியும் அறை வாடகையும் மிச்சமாகும். அண்ணன் மறுத்துவிட்டார். நாள் முழுக்கக் காத்திருந்த ஓட்டுநரை வைத்துக்கொண்டு இரவில் மூணாறு, சின்னக்கானல், பனிமூட்டத்தில் போடிமெட்டின் இறக்கம் என்று போவது மிச்சமில்லை. மறுநாள் வெளிச்சத்தில், இரண்டாவது கியரில், பதினேழு வளைவும் இறங்கி வந்தோம்.

திங்கள்கிழமை அக்கா குடோனுக்குப் போனதும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். செலவு எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. உடுப்பு எங்கே தைத்தது, உடம்பு தெரியுமா, மாற்றுவதற்குத் தனி அறை உண்டா, மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது, ஆண்கள் பக்கத்தில் வந்து இடிப்பார்களா? பெண்கள் கேட்டது இவற்றைத்தான். மாற்றும் அறை தனியாக உண்டு. குளத்தின் ஓரங்களில் காவலர்கள் நிற்கிறார்கள், விசில் அடித்து விலக்குகிறார்கள். நாள் கணக்கைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும், தேதியைப் பெண்கள்தான் வைக்க வேண்டும். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள்.

இப்போது பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து, வீட்டு ஆண்களை விட்டுவிட்டு, தாங்களே ஒரு வேன் பிடித்துப் போவதாக இருக்கிறார்கள். மதினியும் உண்டு. பன்னிரண்டு பேர் என்றால், நாங்கள் போனதைவிட ஆளுக்கு வண்டி வாடகை குறைந்துவிடும். குடோன் முதலாளியிடம் எல்லோரும் ஒரே நாளில் லீவு கேட்க முடியாது என்பதால் இரண்டு குடோன்களிலிருந்து ஆறு ஆறு பேர். வீரபாண்டித் திருவிழா முடிந்து, ஜூனில் மழை பிடிப்பதற்குள் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து டிக்கெட் போடும் பொறுப்பு என்னுடையது. அதே ஓட்டுநர் அண்ணனிடம் நேற்று பேசினேன், வண்டி இருக்கிறது என்கிறார். கேரளப் பெர்மிட்டுக்கு ஆள் எண்ணிக்கையும் தேதியும் கேட்டிருக்கிறார்.